கண் மஞ்சளானால் மலத்தின் நிறத்தையும் பாருங்கள்

போன மாதம் ஐம்பத்தைந்து வயதுக்காரர் ஒருவரை அவர் மனைவி கூட்டி வந்தார். கண் நல்ல மஞ்சள். முன்கை இரண்டிலும் சொறிந்து சொறிந்து நகக்கீறல். "மூணு வாரமா கீழாநெல்லி அரைச்சுக் குடுக்கிறேன் டாக்டர், பத்தியமும் இருக்காரு. மஞ்சள் இறங்கவே மாட்டேங்குது" என்றார் அந்த அம்மா. காய்ச்சலில்லை, வலியில்லை. மலம் என்ன நிறத்தில் போகிறது என்று கேட்டேன். அவர் கொஞ்சம் கூச்சப்பட்டு, "சுண்ணாம்பு மாதிரி வெளுப்பா இருக்குங்க" என்றார்.

அந்தப் பதில் போதும், உடனே ஸ்கேனுக்கு அனுப்பினேன். பித்தக்குழாய் அடைபட்டிருந்தது.

மஞ்சள் காமாலை ஒரு தனி நோய் அல்ல, பல நோய்களுக்கான அறிகுறி. ரத்தச் சிவப்பணுக்கள் சுமார் 120 நாளில் சிதையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி உண்டாகிறது. கல்லீரல் அதைப் பித்தநீரில் கலந்து குடலுக்கு அனுப்புகிறது. மலத்துக்கு நிறம் வருவதே இதனால்தான். வழியில் கல்லோ கட்டியோ அடைத்தால் மலம் வெளுக்கும். தேங்கிய நிறமி சிறுநீரில் இறங்கி, அது கட்டன் டீ போலாகும். உடம்பெல்லாம் அரிக்கும்.

சரி, கீழாநெல்லியில் பலருக்குக் குணமாகிறதே? அசுத்தமான தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ, ஈ (வைரஸால் கல்லீரல் வீங்கும் நோய்கள்) இரண்டும் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். பெயர் மட்டும் மருந்துக்குப் போகிறது. மருந்தைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. எந்தக் காமாலை என்று தெரியாமல் வாரக்கணக்கில் காத்திருப்பதுதான் எனக்குப் பயம். கையில் சூடு போடுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள், புண்தான் மிஞ்சும்.

வீட்டில் சந்தேகம் வந்தால் பகல் வெளிச்சத்தில் பாருங்கள், டியூப்லைட்டில் தெரியாது. கீழே பார்க்கச் சொல்லி, மேல் இமையைத் தூக்கி வெள்ளை விழியைக் கவனியுங்கள்.

காமாலைக்காரர் பகலெல்லாம் தூங்கி ராத்திரி விழித்திருந்தால், பேச்சு குழம்பினால், ஈறில் ரத்தம் கசிந்தால், குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கர்ப்பிணிக்குக் கண் மஞ்சளானால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். ஹெபடைடிஸ் ஈ அவர்களுக்கு, அதுவும் கடைசி மூன்று மாதங்களில், உயிருக்கே ஆபத்து. பிறந்து 24 மணி நேரத்துக்குள் குழந்தை மஞ்சளானாலும் அப்படித்தான்.

அவருக்கு அடைத்திருந்தது கணையத்தின் தலைப்பகுதியில் வந்த கட்டி. இன்னும் பரவவில்லை. அடுத்த வாரம் அறுவை சிகிச்சை.