பச்சையாக வாந்தி எடுக்கும் பச்சிளங்குழந்தை

பிறந்து ஒரு நாள்கூட ஆகாத குழந்தை பாலைக் கக்குகிறது. கக்காத குழந்தை எங்கே இருக்கிறது? துடைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். ஆனால் துடைத்த வெள்ளைத் துணியில் பாசிப் பச்சையில் கறை படிந்திருந்தால், அனுபவமுள்ள செவிலியர் அந்தத் துணியை அழுக்குக் கூடையில் போடமாட்டார். மருத்துவர் வரும்வரை பத்திரமாக எடுத்து வைப்பார். பச்சையாக இருந்தது என்று வாயால் சொல்வதைவிடக் கறையையே காட்டிவிடுவது மேல்.

அந்தப் பச்சை, பித்தநீரின் நிறம். கல்லீரலில் சுரக்கும் பித்தநீர், இரைப்பையைத் தாண்டி முன்சிறுகுடலில் உள்ள ஒரு சின்னத் துளை வழியாகக் குடலுக்குள் இறங்குகிறது. அங்கிருந்து அதன் பயணம் கீழ்நோக்கித்தான். அது மேலேறி வாய்வழியே வருகிறது என்றால் கீழே வழி இல்லை என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சீம்பாலின் மஞ்சளைப் பார்த்துப் பித்தம் என்று பதறுபவர்களும் உண்டு; அசல் பச்சையைப் பார்த்து 'செரிக்கவில்லை போலிருக்கிறது' என்று விட்டுவிடுபவர்களும் உண்டு. முதல் தவறால் நஷ்டம் ஒரு எக்ஸ்ரே. இரண்டாவது தவறால் குடலே போய்விடலாம். அதனால்தான் குழந்தை அறுவை மருத்துவர்கள், வேறு காரணம் உறுதியாகும்வரை, பச்சை வாந்தியைக் குடல் அடைப்பாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

அடைப்பு என்றதும் குழாயில் ஏதோ சிக்கிக்கொண்டதுபோல் ஒரு சித்திரம் மனதில் வரும். பிறவி அடைப்புகளில் பெரும்பாலும் எதுவும் சிக்கியிருப்பதில்லை. குழாய் சரியாக உருவாகாமல் இருக்கலாம். உருவான பிறகு சேதமாகியிருக்கலாம். திறந்தே இருந்தும் வேலை செய்யாமல் இருக்கலாம். கருவின் எந்த வாரத்தில் எது பிசகியது என்பதைப் பொறுத்து நோயும் மாறுகிறது, கத்தி போகவேண்டிய இடமும் மாறுகிறது.

முன்சிறுகுடலில் இருந்து தொடங்கலாம். கருவின் ஆறாவது வாரவாக்கில் அதன் உள்சுவர்ச் செல்கள் மளமளவென்று பெருகி, குழாயின் உள்வழியையே அடைத்துவிடுகின்றன. அப்புறம் அந்தத் திட்டில் சின்னச் சின்னப் பொந்துகள் விழுந்து, ஒன்றோடொன்று சேர்ந்து, மறுபடியும் வழி பிறக்கிறது. இந்த இரண்டாம் திறப்பு நடக்காமல் போனால் குறுக்கே ஒரு சவ்வு நிற்கும், அல்லது குழாய் இரண்டு துண்டாகவே நிற்கும். வியன்னாவின் உடற்கூற்றியலாளர் ஜூலியஸ் டான்ட்லர் 1900-இல் முன்வைத்த விளக்கம் இது. முன்சிறுகுடலைப் பொறுத்தவரை இன்றும் செல்லுபடியாகிறது. 5,000 முதல் 10,000 பிறப்புகளில் ஒரு குழந்தைக்கு இப்படி ஆகிறது. அவர்களில் மூன்றில் ஒருவருக்கு டவுன் நோய்க்குறியும் (கூடுதல் குரோமோசோமால் வரும் பிறவி நிலை; இதயக் குறையும் கூடவே வரலாம்) இருப்பதால், இதயத்தையும் சேர்த்துப் பார்க்காமல் எந்த மருத்துவரும் அறுவைக்குப் போவதில்லை.

பிறப்பதற்கு முன்பே இது தெரிந்துவிடுவதும் உண்டு. கருவில் இருக்கும் குழந்தை பனிக்குட நீரை ஓயாமல் விழுங்கிக்கொண்டே இருக்கும். பிரசவம் நெருங்கும்போது ஒரு நாளைக்கு ஏறத்தாழ அரை லிட்டர். விழுங்கிய நீரைக் குடல்தான் உறிஞ்ச வேண்டும். அடைப்பு மேலே இருந்தால் உறிஞ்சக் குடலே கிடைக்காது. தாயின் வயிற்றில் நீர் தேங்கிப்போகும். அடைப்பு கீழே இருந்தால் அதற்கு மேலிருக்கும் குடலே சமாளித்துவிடும், நீரும் கூடாது. ஆக, ஸ்கேனில் நீர் இயல்பாக இருக்கிறது என்பது குடல் நன்றாக இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

பிறந்த பிறகு எக்ஸ்ரேயில் தெரிவது அழகான காட்சி (நோயைப் பற்றி அழகு என்று சொல்லக்கூடாதுதான்). முதல் அழுகையோடு குழந்தை காற்றை விழுங்கத் தொடங்கிவிடும். காற்று எக்ஸ்ரேயில் கறுப்பாக விழும். இரைப்பை ஒரு பெரிய குமிழ், வீங்கிய முன்சிறுகுடல் இன்னொரு குமிழ், அதற்குக் கீழே வெறுமை. இரட்டைக் குமிழ் என்றே அதற்குப் பெயர். வேறு மருந்து எதையும் குடிக்கவைத்துப் படம் எடுக்க வேண்டியதில்லை. விழுங்கிய காற்றே காட்டிக்கொடுத்துவிடும்.

சிறுகுடலின் மற்ற பகுதிகளில் வரும் அடைப்பையும் டான்ட்லர் விளக்கத்தாலேயே நெடுங்காலம் புரிந்துகொள்ளப் பார்த்தார்கள். ஆனால் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. அடைப்புக்குக் கீழே உள்ள குடலைத் திறந்தால் உள்ளே பித்தநீரின் தடயம் இருந்தது. கருவின் மேனியில் முளைக்கும் பூமுடிகளும் இருந்தன. முடி குடலுக்குள் முளைக்காது. வாய்வழியாக விழுங்கியதாகத்தான் இருக்க வேண்டும். அப்படியென்றால் அந்த வழி ஒருகாலத்தில் திறந்திருந்தது, பிறகுதான் மூடியிருக்கிறது!

தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் லூவும் அவரிடம் பணியாற்றிய இளம் மருத்துவரும் இதைச் சோதித்தார்கள். கருவுற்ற நாயின் கருப்பையைத் திறந்து, குட்டியின் குடலுக்குப் போகும் ரத்தக்குழாய்களை முடிச்சிட்டு, மீண்டும் மூடினார்கள். பிறந்த குட்டிகளின் குடல், மனிதக் குழந்தைகளிடம் கண்டதுபோலவே அறுந்து கிடந்தது. குடல் உருவாகாமல் போகவில்லை. உருவாகி, ரத்தம் நின்று, அந்தப் பகுதி கரைந்துபோயிருக்கிறது. 1955-இல் இது வெளியானது. அந்த இளம் மருத்துவரின் பெயர் கிறிஸ்டியான் பார்னார்ட். 1967-இல் உலகின் முதல் மனித இதய மாற்று அறுவையைச் செய்தாரே, அவரேதான்.

இந்தக் கண்டுபிடிப்பு அறுவை முறையையே மாற்றியது. அதற்கு முன்பு இரண்டு முனைகளையும் அப்படியே இணைத்துப் பார்த்தார்கள். தையல் நன்றாக இருந்தும் குழந்தைகள் பிழைப்பது அரிதாக இருந்தது. மேல்முனை, மாதக்கணக்கில் அடைபட்டு உப்பிய பை. அதற்கு ரத்தமும் சரியாக வராது, சுருங்கித் தள்ளவும் தெரியாது. குடல் தன் உள்ளிருப்பதை நகர்த்த வேண்டுமானால் சுவரோடு சுவர் நெருங்க வேண்டும். உப்பிய பை எவ்வளவு சுருங்கினாலும் நடுவில் இடைவெளி இருக்கும். உள்ளே இருப்பது முன்னும் பின்னும் அலையுமே தவிரக் கீழே போகாது. அதனால் அந்த உப்பிய முனையை வெட்டி எடுத்துவிட்டு இணைப்பதுதான் சரி என்று லூ சொன்னார். பிழைக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை வேகமாக உயர்ந்தது.

இணைப்பது என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். மேசையருகே நின்றால் வேறு கதை. மேல்முனை கட்டைவிரலைவிடப் பருமன். கீழ்முனை இதுவரை எதுவும் ஓடாமல் சூம்பி, பென்சிலைவிட மெல்லிசாக இருக்கும். முதலில் ஒரு ஊசியால் கீழ்க்குடலுக்குள் உப்புநீரைச் செலுத்துகிறார்கள். நீர் தடையில்லாமல் கீழே நகர்கிறதா? நடுவில் நின்றுவிட்டால் அங்கே இரண்டாவது அடைப்பு இருக்கிறது. கொத்துக் கொத்தாகக் கட்டிவிட்டதுபோல் பல இடங்களில் அடைபட்ட குடலும் உண்டு. ஒன்றை மட்டும் சரிசெய்துவிட்டு மூடினால் பட்ட பாடெல்லாம் வீண். பிறகு மெல்லிய முனையைக் குறுக்காக வெட்டாமல் சாய்வாக வெட்டி, வாயைப் பெரிதாக்கி, தலைமுடியளவு நூலால் தைக்கிறார்கள். முன்சிறுகுடலில் தந்திரம் சற்று வேறு: மேல்துண்டில் குறுக்கு வெட்டு, கீழ்த்துண்டில் நெடுக்கு வெட்டு. இரண்டையும் பொருத்தித் தைத்தால் இணைப்பு வைர வடிவில் தானாகவே விரிந்து நிற்கும். ஜப்பானிய மருத்துவர் கென் கிமுரா 1977-இல் எழுதிய முறை.

இதுவரை சொன்னவற்றில் ஒரு நாள் அவகாசம் உண்டு. குழந்தையை நிலைப்படுத்திவிட்டுப் போகலாம். குடல் முறுக்கில் அந்தச் சலுகை கிடையாது.

ஆறாவது வாரத்தில் கருவின் வயிற்றில் இடம் போதாமல் குடல் தொப்புள்கொடிக்குள் வெளியேறி வளர்கிறது. பத்தாவது வாரவாக்கில் திரும்பி வந்து, மொத்தத்தில் 270 பாகை சுழன்று தன் இடத்தில் அமர்கிறது. சரியாக அமர்ந்தால் குடலைத் தாங்கும் சவ்வு, வயிற்றின் பின்சுவரில் இடது மேல்மூலையிலிருந்து வலது கீழ்மூலைவரை அகலமாக வேரூன்றும். சுழற்சி பாதியில் நின்றால் அந்த வேர் ஒடுங்கிவிடும். விரித்த விசிறியை ஒற்றைக் காம்பில் பிடித்திருப்பதுபோல் சிறுகுடல் முழுவதும் ஒரு காம்பில் தொங்கும். காம்பு என்றாவது திருகிக்கொண்டால், அதற்குள் ஓடும் ரத்தக்குழாயும் சேர்ந்து திருகும். சில மணி நேரத்தில் குடல் கறுக்கத் தொடங்கும்.

இதில் பயங்கரம் என்னவென்றால், தொடக்கத்தில் குழந்தையைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வயிறு உப்பியிருக்காது, எக்ஸ்ரேகூடச் சாதாரணமாக இருக்கலாம். பச்சை வாந்தி ஒன்றுதான் சாட்சி. வயிறு வீங்கி, மலத்தில் ரத்தம் வந்தபிறகு எழுந்து ஓடினால் காலம் கடந்திருக்கும். இதற்கான அறுவையை பாஸ்டனின் வில்லியம் லேட் 1936-இல் விவரித்தார். முறுக்கு பெரும்பாலும் கடிகார முள் செல்லும் திசையில் விழுவதால், குடலை மொத்தமாக வெளியே எடுத்து எதிர்த்திசையில் திருப்புகிறார்கள். பின்பு வெதுவெதுப்பான துணியால் மூடிக் காத்திருக்கிறார்கள். கருநீலம் இளஞ்சிவப்பாக மாறுகிறதா என்று எல்லார் கண்ணும் அங்கேதான். நிறம் திரும்பினால் காம்பை அகலப்படுத்தி, சிறுகுடலை வலப்பக்கமும் பெருங்குடலை இடப்பக்கமும் வைத்து மூடுவார்கள். குடல் தன் 'சரியான' இடத்துக்குத் திரும்புவதில்லை. மறுபடி முறுக்கிக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

அடுத்தது, குழாய் திறந்திருந்தும் ஓடாத நோய். பிறந்த குழந்தை 24 மணி நேரத்துக்குள் காட்டுப்பீ எனப்படும் கரும்பச்சை மலத்தைக் கழிக்க வேண்டும். 48 மணி நேரமாகியும் போகாமல் வயிறு உப்பினால் ஹிர்ஷ்ப்ரங் நோய் நினைவுக்கு வரவேண்டும். குடலை அசைக்கும் நரம்புச் செல்கள் கருவில் மேலிருந்து கீழாக நடந்து வந்து குடியேறுகின்றன. பாதி வழியில் நின்றுவிட்டால் கடைசிப் பகுதிக்கு நரம்பே இல்லை. நரம்பில்லாத குடல் தளராது, இறுகியே இருக்கும். 5,000 பிறப்புகளில் ஒன்று. ஆண் குழந்தைகளுக்கே அதிகம்.

1886-இல் டென்மார்க் மருத்துவர் ஹரால்ட் ஹிர்ஷ்ப்ரங் இதை விவரித்தபோது கண்ணில் பட்டது பிரம்மாண்டமாக வீங்கிய பெருங்குடல். எல்லாரும் அதுதான் நோய் என்று நம்பி, அதைப் பல பத்தாண்டுகள் வெட்டியெடுத்துக்கொண்டிருந்தார்கள். நோய் திரும்பத் திரும்ப வந்தது. அமெரிக்காவின் ஆர்வர் ஸ்வென்சன் ஒன்றைக் கவனித்தார்: வயிற்றில் செயற்கை மலவழி வைத்தால் குழந்தை தேறுகிறது, அதை மூடினால் மீண்டும் அடைக்கிறது. வீங்கிய பகுதி நல்ல குடல். கீழே சாதுவாகத் தெரியும் ஒடுங்கிய துண்டுதான் குற்றவாளி. 1948-இல் அந்தத் துண்டை நீக்கி நல்ல குடலைக் கீழே இழுத்துத் தைக்கும் முறையை வெளியிட்டார். லூ உப்பிய பக்கத்தை வெட்டச் சொன்னார், ஸ்வென்சன் ஒடுங்கிய பக்கத்தை வெட்டச் சொன்னார். இரண்டும் சரிதான்.

உண்மையிலேயே ஏதாவது சிக்கிக்கொள்ளும் அடைப்பும் உண்டு. உடலின் சுரப்புகள் கெட்டியாகிவிடும் பிறவி நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள குழந்தைக்குக் காட்டுப்பீ பிசினாக இறுகிவிடும். தண்ணீரை ஈர்க்கும் காஸ்ட்ரோகிராஃபின் திரவத்தை ஆசனவாய் வழியே ஏற்றினால், சிக்கலில்லாத குழந்தைகளில் பலருக்குக் கத்தியே தேவைப்படாது.

எந்த அடைப்பானாலும் முதல் சிகிச்சை ஒரு மெல்லிய குழாய். மூக்கு அல்லது வாய்வழியாக இரைப்பைக்குள் விட்டு, தேங்கியதை வெளியே எடுக்கிறார்கள். இல்லையென்றால் வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும். பிறந்த குழந்தையின் இரைப்பையிலிருந்து 20 மில்லிக்கு மேல் நீர் வந்தால் அதுவே சந்தேகத்துக்குக் காரணம். 3 கிலோ குழந்தையின் உடலில் மொத்த ரத்தமே சுமார் 250 மில்லிதான் என்பதால், இழந்த நீரை அளந்து அளந்து ரத்தநாளத்தில் ஏற்ற வேண்டும், உடம்பும் குளிரக்கூடாது.

இணைத்த குடல் உடனே வேலைக்கு வராது. சில நாள், சிலருக்குச் சில வாரம். அதுவரை உணவு ரத்தநாளம் வழியாகத்தான். குழந்தையை இப்படி வளர்க்க முடியும் என்பதை ஸ்டான்லி டட்ரிக், டக்ளஸ் வில்மோர் ஆகியோர் 1960-களின் பிற்பகுதியில் பிலடெல்பியாவில் காட்டினார்கள். அவர்களுடைய நோயாளி, சிறுகுடல் அநேகமாக இல்லாமலே பிறந்த பெண் குழந்தை. அவளை முழுமையாகக் காப்பாற்ற முடியவில்லை. ஆனாலும் ரத்தநாள உணவிலேயே எடை கூடி, உயரம் வளர்ந்தாள்.

அறுவைக்குப் பிறகு மூக்குக் குழாயின் முனையில் ஒரு பை தொங்கும். செவிலியர் அதில் சேர்வதை அளந்து, நிறத்தையும் குறித்து வைப்பார். முதல் நாள்களில் அடர்பச்சை. அப்புறம் வெளிர்ப்பச்சை, அளவும் குறைவு. ஒருநாள் காலையில் எச்சில்போல் நிறமில்லாமல் சில மில்லி மட்டும் இருக்கும். அன்று அல்லது மறுநாள் அரையாடையில் கொஞ்சம் மலம் தெரியும். அப்போது 2 மில்லி தாய்ப்பாலை ஒரு சிரிஞ்சில் எடுத்துக்கொண்டு வருவார்கள்.