கச்சான் காற்றில் ஷட்டில் ஏன் நிற்பதில்லை?

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரிலிருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: "எங்க கிரவுண்டுல பூப்பந்து ஆட முடியுது, ஷட்டில் ஆடவே முடியல. ரெண்டுக்குமே பேட்மிண்டன்னுதான் பேரு. அது யாரு பேரு சார்?"

ஆளின் பெயரல்ல, இடத்தின் பெயர். இங்கிலாந்தில் குளொஸ்டர்ஷயரில் போஃபோர்ட் கோமகன்களின் மாளிகை பேட்மிண்டன் ஹவுஸ். 19ஆம் நூற்றாண்டில் அங்கே ஆடிய ஆட்டத்துக்கு அந்தப் பெயரே நிலைத்தது. புனேயில் பிரிட்டிஷ் அதிகாரிகள் ஆடியபோது அதற்குப் 'பூனா' என்றும் பெயர். தஞ்சாவூர்ப் பக்கம் இறகுக்குப் பதில் மஞ்சள் கம்பளிப் பந்து வந்தது; அதுதான் நம் பூப்பந்து, பால் பேட்மிண்டன். பெயர் ஒன்றானாலும் காற்றுக்கு இரண்டும் ஒன்றல்ல.

ஷட்டிலைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு கார்க், அதில் செருகிய 16 இறகுகள், மொத்தமே 5 கிராம். மாடியிலிருந்து போட்டால் முதலில் வேகம் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அந்தத் தடை ஷட்டிலின் எடைக்குச் சமமானதும் வேகம் அதற்கு மேல் ஏறாது. பாடத்தில் படித்த முற்றுத் திசைவேகம்தான். ஷட்டிலுக்கு அது நொடிக்கு ஏறக்குறைய 7 மீட்டர்.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த இடம். ஷட்டில் காற்றைக் கிழித்துப் போகிறதா, காற்று ஷட்டில் மேல் வந்து மோதுகிறதா என்பதில் விசைக்கு வித்தியாசமே இல்லை. ஆக, நொடிக்கு 7 மீட்டர், அதாவது மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசினால், அது ஷட்டிலை அதன் எடை அளவுக்கே பக்கவாட்டில் தள்ளும்! உயரத் தூக்கிய ஷட்டில் ஒரு மீட்டர் இறங்குவதற்குள் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நகர்ந்துவிடும். இரட்டையர் ஆடுகளத்தின் அகலமே 6.1 மீட்டர்தான். ஆனி, ஆடியில் பாம்பன் பக்கம் நின்றவர்களுக்கு இந்தக் காற்று புதிதல்ல.

கம்பளிப் பந்தோ 5 சென்டிமீட்டர் விட்டத்துக்குள் 28 கிராம் அளவு எடையை அடக்கிவைத்திருக்கிறது. நான் கணக்குப் போட்டதில் அதன் முற்றுத் திசைவேகம் நொடிக்கு 20 மீட்டரை ஒட்டி வருகிறது. அதே கச்சான் அதைத் தள்ளுவது அதன் எடையில் எட்டில் ஒரு பங்குதான். அந்தச் சின்ன விலகலை ஆடுபவரின் கண்ணும் மணிக்கட்டும் பழகிக்கொள்ளும்.

அடித்ததும் ஷட்டில் தலைகீழாகப் புரண்டு கார்க்கை முன்னால் கொண்டுவருவதைப் பிரெஞ்சு இயற்பியலாளர்கள் அதிவேகக் கேமராவில் பிடித்து ஆராய்ந்திருக்கிறார்கள். கம்பளிப் பந்துக்கும் அந்த மரியாதை வேண்டும். ஆட ஆட நூல் பிரிந்து பஞ்சு எழும்பும்போது தடை எவ்வளவு மாறுகிறது? வேண்டிய வேகத்தில் காற்றைச் செலுத்திச் சோதிக்கும் பொறியியல் கல்லூரிக் காற்றுச் சுரங்கம் ஒன்று போதும் இதை அளக்க. இப்படிப்பட்ட சின்ன ஆய்வுகளைச் செய்ய மாணவர்களுக்குப் பணம் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பேன்.

ஷட்டில்தான் வேண்டும் என்றால், தங்கச்சி, பங்குனியில் கடல் அமர்ந்திருக்கும் நாளாகப் பார்த்து, விடிந்ததும் ஆடிவிடுங்கள். அப்போதும் காற்றை எதிர்த்து நிற்கும் பக்கம் யாருக்கு என்று டாஸ் போட்டுக்கொள்வது நல்லது.