கூப்பே என்றால் இருகதவுக் கார் இல்லை

ஜாகுவார் ஈ-டைப்பா, போர்ஷே 911-ஆ, பழைய கார் சேர்ப்பவர் எதை வாங்கலாம் என்று அலசும் காணொளி ஒன்றைப் பார்த்தேன். தமிழ்க் குரலில் மறுபடியும் அதே சொல்: 'இருகதவு விளையாட்டு மகிழுந்து'. கூப்பே, அதாவது கூரை நிலையாக இருந்து பின்பக்கம் சரியும் கார், வரும் இடத்திலெல்லாம் இதையே போட்டுவிடுகிறார்கள். கேட்டுக் கேட்டுப் பொறுக்கவில்லை.

கூப்பே பிரெஞ்சுச் சொல். 'வெட்டப்பட்டது' என்று பொருள். எதிரெதிர் இருக்கை கொண்ட பெரிய குதிரை வண்டியின் முன்பாதியை நறுக்கிவிட்டு, இருவருக்கு மட்டும் என்று கட்டிய வண்டிக்கு வந்த பெயர். நம் ரயிலில் முதல் வகுப்பில் இரண்டே படுக்கை உள்ள சின்ன அறையைக் 'கூபே' என்கிறோமே, அதுவும் இதுதான். வெட்டுப்பட்டது கூண்டு. கதவுக்கு இதில் வேலையே இல்லை.

அந்த இரண்டு கார்களையே பாருங்கள். 1961 மார்ச்சில் ஜெனீவாவில் ஈ-டைப் வெளிவந்தபோதே இரண்டு வடிவங்கள்: கூரை நிலையாக உள்ள கூப்பே, துணிக்கூரையை மடக்கிவிடும் ரோட்ஸ்டர். இரண்டிலும் பக்கத்துக்கு ஒரு கதவுதான். அப்புறம் 'இருகதவு' என்றால் எது? பொதுவாக ரோட்ஸ்டருக்குத்தான் விலை கூடுதல் என்பதால், வாங்குகிறவருக்கு இது பெரிய பணம். இன்னும் மோசம், கூப்பேயின் பின்பக்கம் போய்ப் பார்த்தால் சரிந்து இறங்கும் முதுகில் ஒரு கதவு இருக்கும். பக்கத்தில் கீல் வைத்து, அலமாரிக் கதவு மாதிரி திறக்கும். எண்ணிப் பார்த்தால் கூப்பேக்கு மூன்று கதவு, ரோட்ஸ்டருக்குத்தான் இரண்டு!

சரி, 'ஈரிருக்கைக் கார்' என்பவர்களும் உண்டு. அது 911-இல் கவிழ்ந்துவிடும். 1963-இல் பிராங்க்பர்ட்டில் 901 என்று காட்டப்பட்டு, நடுவில் சுழியம் வரும் மூன்றிலக்கப் பெயர் தங்களுக்கே உரியது என்று பிரெஞ்சுக் கார் நிறுவனமான பேஜோ தடுத்ததால் 911 ஆன கார் அது. அதன் முன்னிருக்கைகளுக்குப் பின்னால் குழந்தைகள் உட்காரும் அளவில் இன்னும் இரண்டு இருக்கை உண்டு. அதைக் கூப்பே இல்லை என்று யாரும் சொன்னதில்லை.

'விளையாட்டு' இன்னொரு கொடுமை. விளையாட்டுக் கார் என்றால் குழந்தை கையிலிருக்கும் பொம்மைதான் நினைவுக்கு வரும். ஸ்போர்ட்ஸ் கார் என்றே எழுதிவிட்டுப் போகலாம். ஆங்கிலச் சொல்லை அகராதியில் தேடிப் பக்கத்தில் இருப்பதை எடுத்து ஒட்டுவது தமிழ்ப்பற்று ஆகாது. பொருளைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பெயர் வைக்க வேண்டும். நம் வண்டிக்காரர்கள் அப்படித்தான் வைத்தார்கள். கூண்டு போட்ட மாட்டு வண்டி கூண்டு வண்டி, போடாதது மொட்டை வண்டி. வைக்கோல் ஏற்ற மொட்டை வண்டி, குடும்பத்தோடு கோயிலுக்குப் போகக் கூண்டு வண்டி. யாருக்கும் குழப்பம் வந்ததில்லை.

அதனால் கூப்பேக்கு 'குறுங்கூண்டுக் கார்' என்பேன். சலூன் எனப்படும் வழக்கமான குடும்பக் காருக்கும் மூடிய கூண்டு உண்டு, ஆனால் அது முழுக்கூண்டு. கூப்பேயில் அது குறுகி, பின்பக்கம் சரிகிறது. வெட்டு என்ற மூலப் பொருளும் 'குறு'வில் தங்கிவிடுகிறது. ரோட்ஸ்டருக்கு 'மொட்டைக் கார்'. கொச்சையாக இருக்கிறது என்றார் நண்பர் ஒருவர். தினமும் மொட்டை மாடியில் துணி காயப்போடுகிறோம், அதில் என்ன கொச்சை? 'ஈ-டைப் குறுங்கூண்டு, 3.8 லிட்டர்' என்று விற்பனைக் குறிப்பு எழுதுங்கள். எந்தக் கார் என்று வாங்குகிறவர் திருப்பிக் கேட்கமாட்டார்.