டெரிஜியம்: இறகு அல்ல, சிறகு

ஆஸ்பத்திரிச் சீட்டில் ‘டெரிஜியம்’ என்றிருக்கும். வீட்டுக்கு வந்து சொல்லும்போது அது ‘கண்ணுல சதை வளருதாம்’ என்றாகிவிடும். சிலர் இதைப் புரை என்றும், இன்னும் சிலர் பூ விழுந்திருக்கிறது என்றும் சொல்வார்கள். இரண்டும் தவறு. புரை உள்ளே இருக்கும் லென்ஸில் வருவது. பூ என்பது கருவிழியில் விழும் தழும்பு.

சொல் கிரேக்கம். ‘டெரான்’ என்றால் இறகு, ‘டெரிக்ஸ்’ என்றால் சிறகு, ‘டெரிஜியான்’ என்றால் சின்னச் சிறகு. ஹெலிகாப்டர் என்ற சொல்லின் வாலில் இருப்பதும் இந்த இறகுதான். பழைய ரோமானிய மருத்துவ நூலாசிரியர் செல்சஸ் இதையே லத்தீனில் ‘நகம்’ என்றார். இந்தியில் இன்றும் ‘நாகூனா’, அதாவது நகம். சுஸ்ருத சம்ஹிதை இதை ‘அர்மம்’ என்று ஐந்தாகப் பிரித்து, கொக்கியால் தூக்கி அறுக்கும் முறையையும் சொல்கிறது.

தமிழில் ‘சதை’ பேச்சுக்குப் போதும், ஆனால் பொருள் சரியில்லை. அது தசையும் அல்ல, கொழுப்பும் அல்ல. கண்ணின் வெள்ளையை மூடியிருக்கும் மெல்லிய படலம் ரத்தக் குழாய்களோடும் நாரோடும் தடித்து, பெரும்பாலும் மூக்குப் பக்கத்திலிருந்து முக்கோணமாகக் கருவிழிமேல் ஏறுவது. ‘இறகுப் படலம்’ என்றும் எழுதலாமே என்றால், இறகு ஒற்றைத் தூவி. இங்கே விரிந்திருப்பது சிறகு. எனவே ‘சிறகுப் படலம்’ என்பதே பொருந்தும்.

இந்தச் சிறகு கருவிழியின் வடிவத்தையும் கெடுக்கும். அதன் நார் கருவிழியை இழுக்கும். கருவிழிமேல் ஏறிய முனையான தலைப்பகுதிக்கு முன்னால் கண்ணீரும் தேங்கும். இரண்டும் சேர்ந்து கிடைமட்ட வளைவைத் தட்டையாக்குவதால் சிலிண்டர் பவர், அதாவது இரு திசை வளைவுகளின் வித்தியாசம், ஏறும். உதாரணத்துக்கு, கருவிழி வளைவை அளக்கும் கெரட்டோமீட்டரில் கிடைமட்டம் 40.50, செங்குத்து 44.00 டயாப்டர் (பவரின் அலகு) என்று வைத்துக்கொள்வோம்: 3.50 சிலிண்டர். சிறகை எடுத்து ஆறிய பின் கிடைமட்டம் 43.00 ஆனால் மிச்சம் 1.00தான். இதையே ‘கருவிழி வடிவ மீட்சி’ என்கிறோம். கருவிழிப் பரப்பைப் படமாக்கும் டோப்போகிராபியில் இது கண்ணுக்கே தெரியும்: முன்பு பக்கவாட்டில் நீண்டு, மூக்குப் பக்கம் உடைந்து கிடந்த ஒளி வளையங்கள் வட்டத்தை நெருங்கும்.

மீட்சி ஒரே நாளில் வராது. மேல்தோல் மூட ஒரு வாரத்துக்குள் போதும். ஆனால் எடுத்த இடத்தில் ஒட்டிய படலத் துண்டின் வீக்கம் வடிந்து வளைவு நிலைக்க ஒன்று முதல் மூன்று மாதம் பிடிக்கும். அவசரப்பட்டுப் பத்தாம் நாளே கண்ணாடி போட்டால், அடுத்த மாதம் வேறு கண்ணாடி வாங்க வேண்டியதுதான்.

முழுதாகத் திரும்புமா? சிறகு சிறியதாக இருக்கும்போதே எடுத்தால் பெரும்பாலும் திரும்பும். கருவிழியின் நடுப்பகுதியை நெருங்கிவிட்டால் கருவிழியின் மேல்தோலுக்கு அடியிலுள்ள ‘போமன் அடுக்கு’ அரிக்கப்பட்டிருக்கும். அது மறுபடி வளராது. அங்கே தழும்பு நிற்கும், கண்ணாடியால் சரியாகாத ஒழுங்கற்ற சிலிண்டரும் கொஞ்சம் தங்கும். சிறகின் தலையை ஆழமாகச் செதுக்கினாலும் இதே கதி. முடிந்தவரை உரித்தெடுப்பது நல்லது. பரப்பு வழவழப்பாக வரும்.

எடுத்த இடத்தை வெறுமனே விட்டால் மறுபடி முளைக்கும் வாய்ப்பு அதிகம், வளைவும் மறுபடி தட்டையாகும். அதனால் அதே கண்ணின் மேல்பக்கத்திலிருந்து படலம் எடுத்து, தையலாலோ ஃபைப்ரின் பசையாலோ ஒட்டுகிறார்கள். அந்தத் துண்டு சுருங்குமென்பதால் சற்றுப் பெரிதாகவே வெட்டுவது வழக்கம்.

புரையும் சிறகும் சேர்ந்திருந்தால் வரிசை முக்கியம். தட்டையான அளவை வைத்து, புரை அறுவையில் பொருத்தும் செயற்கை லென்ஸின் பவரைக் கணக்கிட்டால் தேவைக்கு மேல் பவர் உள்ள லென்ஸ் உள்ளே போகும். பிறகு சிறகை எடுத்ததும் கருவிழி வளைந்துகொள்ள, நோயாளிக்குக் கிட்டப்பார்வை வந்து சேரும். முதலில் சிறகு, வளைவு நிலைத்தபின் மறு அளவீடு, அப்புறம் புரை.