சித்திரை வெயிலில் தக்காளிக்கு யூரியா போடாதீர்கள்

பங்குனிக் கடைசியில் தொடங்கும் இந்த அழைப்புகள், அக்னி நட்சத்திரம் முடியும்வரை ஓயாது. "சார், மாடியில தக்காளிப் பூவெல்லாம் கொட்டுது. சத்து பத்தலைன்னு ஒரு கைப்பிடி யூரியா போட்டேன், இப்ப செடியே கருகுது." தோட்டக்கலை ஆலோசனை சொல்லும் எனக்கு இதைக் கேட்கக் கேட்கக் கோபம்தான் வருகிறது. வெயிலைத் தாங்கிப் பிழைத்திருக்கும் செடி அது. நாம் போட்ட உரம்தான் அதைக் கருக்கியது.

உரம் செடிக்குச் சாப்பாடு இல்லை. சாப்பாட்டை இலையே சமைக்கிறது: காற்றிலிருந்து கரியமில வாயு, வேரிலிருந்து தண்ணீர், அடுப்புக்கு வெளிச்சம். பிரசெல்ஸில் பிறந்த வான் ஹெல்மான்ட் என்ற மருத்துவர் தொட்டியில் ஒரு வில்லோ மரக்கன்றை 5 ஆண்டு வளர்த்தார். 1648இல் அச்சான அவருடைய கணக்குப்படி மரம் சுமார் 74 கிலோ கூடியது, மண்ணில் குறைந்தது 60 கிராம்கூட இல்லை. அத்தனையும் தண்ணீர் தந்தது என்றே அவர் நினைத்தார். காற்றின் பங்கு பின்னால்தான் தெரிந்தது. அந்தச் சில கிராம் உப்புச்சத்துதான் உரத்தின் வேலை. அது தேவைதான், ஆனால் அளவாக. காய்ந்து சூடேறிய தொட்டியில் யூரியாவைக் கொட்டினால் வேர் வெந்துவிடும்.

சரி, பூ ஏன் கொட்டுகிறது? வெப்பம். 35 டிகிரியைத் தாண்டினால் தக்காளி மகரந்தம் வீரியம் இழக்கும். உச்சி வெயிலில் இலை தண்ணீரைக் காக்கத் தன் துளைகளை மூடிக்கொள்ளும். கரியமில வாயு உள்ளே வராது, சமையல் சுருங்கும். இரவில் கான்கிரீட் தளம் அனல் விடுவதால் செடியின் சுவாசம் கூடி, பகலில் சேர்த்ததும் கரையும். இதில் யூரியாவுக்கு என்ன வேலை?

காலையிலேயே தண்ணீர் விடுங்கள். 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். மண்மேல் காய்ந்த சருகு மூடாக்கு போடுங்கள். கறுப்புப் பையை வெறும் தளத்தில் வைக்காதீர்கள், கீழே செங்கல் அடுக்குங்கள். மதியம் இலை தொங்கினால் பதறாமல் மண்ணுக்குள் விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் விட்டுவிடுங்கள், மாலையில் தானே நிமிரும்.

கோடையில் ஏதாவது வளர்த்தே ஆகவேண்டுமா? தண்டுக்கீரை போடுங்கள். சோளம், கம்பு போல அதுவும் கரியமில வாயுவை உள்ளே திரட்டிவைத்துச் சமைக்கும் வகை, 35 டிகிரிக்குச் சளைக்காது. தக்காளி ஆடிக்குக் காத்திருக்கட்டும்.

ஏற்கெனவே யூரியா போட்டவர்கள், தயவுசெய்து இன்றைக்கே தொட்டியை நிழலுக்கு நகர்த்தி, அடித்துளை வழியே வழிந்தோடும்வரை இரண்டு மூன்று தடவை தண்ணீர் ஊற்றுங்கள். புதுத் துளிர் வரும்வரை வேறு எதையும் போடாதீர்கள்.