ஆதிப் பாவமா, ஜென்மப் பாவமா?

பிறந்து ஒன்பதாம் நாள் இறந்துபோன ஒரு குழந்தையின் அடக்கத்துக்குப் போயிருந்தேன். ஜெபம் நடத்தியவர், "ஜென்மப் பாவத்தோடு பிறந்த இந்தச் சிசுவை" என்று சொன்னார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் வாசலில் நின்றிருந்த பாட்டி ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகக் கேட்டது என் காதில் விழுந்தது: "அது போன ஜென்மத்துல என்ன பாவம் பண்ணுச்சாம்?"

அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்தச் சொல்லை இதற்கு முன்பும் பலமுறை கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் பொறுக்க முடியாமல் போயிற்று.

முதல் மனிதன் ஆதாம் கடவுளை மீறியதால் மனிதர் எல்லோருக்கும் வந்து சேர்ந்த கேடு என்று கிறிஸ்தவம் ஒன்றைச் சொல்கிறது. லத்தீனில் இதற்குப் பெயர் 'பெக்காத்தும் ஒரிஜினாலே'. ஐந்தாம் நூற்றாண்டு வாக்கில், இறையியலாளரான ஆயர் புனித அகுஸ்தீனின் எழுத்துகளால் நிலைபெற்றது. 'ஒரிகோ' என்றால் ஊற்று, தோற்றுவாய். பிறப்பைச் சொல்ல லத்தீனில் 'நாத்தீவித்தாஸ்' என்று தனிச் சொல் இருக்கிறது. அகுஸ்தீன் அதை எடுக்கவில்லை. மனித குலத்தின் ஊற்றிலேயே, ஆதாமிடத்திலேயே, நேர்ந்த கேடு என்பதுதான் கருத்து. கீழைத் திருச்சபையின் (ஆர்த்தடாக்ஸ்) கிரேக்க வழக்கு இன்னும் தெளிவு: 'முன்னோர் பாவம்' என்றே பொருள்படும். சொல்லின் வரலாறு இவ்வளவு போதும்.

தமிழில் கத்தோலிக்க வழக்கு இதை 'ஜென்மப் பாவம்' என்றும், ஆள் தானே செய்யும் பாவத்தை 'கர்மப் பாவம்' என்றும் ஜோடியாக்கி வைத்தது. 'ஜென்மப் பாவமின்றி உற்பவித்த மரியாயே' என்ற ஜெபம் எத்தனையோ வீடுகளில் மனப்பாடம். அந்த ஜெபத்தைச் சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்களை நான் குறை சொல்லவில்லை. சொல்லைத்தான் குறை சொல்கிறேன்.

"ஜென்மம் என்றால் பிறப்புதானே, ஜென்ம நட்சத்திரம் என்று சொல்வதில்லையா?" என்று இதை ஆதரிப்பவர்கள் கேட்பார்கள். சரி, நட்சத்திரத்தோடு சேர்ந்தால் அது பிறப்புதான். ஆனால் தமிழ்க் காதுக்கு ஜென்மமும் பாவமும் பக்கத்தில் வந்தாலே வேறு கதை தொடங்கிவிடும். 'எந்த ஜென்மத்துப் பாவமோ', 'ஏழேழு ஜென்மத்துக்கும்' என்று நாம் பேசுகிற பேச்செல்லாம் மறுபிறவிக் கணக்கு. அதன் பக்கத்திலேயே 'கர்ம' என்ற சொல்லையும் கொண்டுவந்து வைத்தால் கேட்க வேண்டுமா? கிறிஸ்தவம் மறுக்கிற ஒரு கொள்கையைக் கிறிஸ்தவப் போதனையின் பெயரிலேயே ஊட்டிவிடுகிறோம். கிறிஸ்தவ நம்பிக்கையில் முற்பிறவி கிடையாது. ஒன்பது நாள் குழந்தைக்குப் பழைய கணக்கு எதுவும் இல்லை. பிறவிக்குருடனைக் காட்டி "இவன் செய்த பாவமோ, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமோ" என்று சீடர்கள் கேட்டபோது இயேசு இரண்டையுமே மறுத்தார். பாட்டியின் கேள்வியும் ஏறக்குறைய அதேதான். அந்தக் கேள்வியை எழுப்பியது நம் மொழிபெயர்ப்பு.

தூய தமிழ் வேண்டும் என்று 'பிறவிப் பாவம்' என்பாரும் உண்டு. வடசொல்லை எடுத்துவிட்டுக் குழப்பத்தை அப்படியே வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். இன்னும் ஒருபடி போய் 'தொல்வினை' என்றால் கேட்கவே வேண்டாம். தமிழில் தொல்வினை, பழவினை என்றாலே முற்பிறவி வினைதான். 'மூலப் பாவம்' என்றால் சைவ சித்தாந்தத்தில் உயிரைப் பிடித்திருக்கும் அழுக்குகளில் முதலாவதான மூல மலம், அதாவது ஆணவம், நினைவுக்கு வரும். அது ஆழமான கருத்து, ஆனால் வேறு கருத்து. அங்கே மலம் அனாதியாக உயிரோடு ஒட்டியது. இங்கே படைப்பு நல்லதாகத் தொடங்கியது, நடுவில் கெட்டது.

'பிறப்பு' என்று வரும் எல்லாச் சொல்லுக்கும் இன்னொரு கேடும் உண்டு. பிறப்பதே பாவம், பெற்றெடுத்ததே பாவம் என்று ஒலிக்கும். குழந்தையைப் பறிகொடுத்த தாயின் காதில் அது எப்படி விழும் என்று யோசித்துப் பாருங்கள்.

என் தேர்வு 'ஆதிப் பாவம்'. 'ஆதி'யும் வடசொல்தான், 'பாவ'மும் வடசொல்தான்; எனக்கு அது பொருட்டல்ல. பொருள் தெளிந்தால் போதும். ஆதித் தாய் தந்தையர் என்று நாம் ஏற்கெனவே சொல்கிறோம், அந்த நினைவு உடனே வந்து ஒட்டிக்கொள்ளும். இந்தச் சொல்லில் ஒரு குறை உண்டு: ஆதாம் செய்த செயலைத்தான் இது நேராகக் குறிக்கிறது, நமக்கு வந்து சேர்ந்த நிலையை அல்ல. அதற்கு 'ஆதிப் பாவ நிலை' என்று ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்ளலாம். கத்தோலிக்கத் திருச்சபையின் 1992 மறைக்கல்வி நூலே இதைத்தான் சொல்கிறது: இது பெறப்பட்டது, செய்யப்பட்டதல்ல, செயல் அல்ல, நிலை, ஒப்புமையாகத்தான் பாவம் என்று அழைக்கப்படுகிறது. 'ஜென்மப் பாவம்' என்ற சொல்லில் இந்த வேறுபாடு எங்கே தெரிகிறது?

மூலத்தைப் பார்க்காமல் சொல்லை மட்டும் கைமாற்றுவதுதான் நம் மொழிபெயர்ப்பாளர்கள் பலரின் வழக்கம். 'லிம்போ'வையே பாருங்கள், ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகள் போய்ச் சேருவதாக இடைக்காலத்தில் எண்ணப்பட்ட இடம் அது. அந்தக் குழந்தைகளைப் பற்றி அகுஸ்தீன் கடுமையாகத்தான் சொன்னார், அவர்களுக்கு மிக மெல்லிய தண்டனை என்று. பின்னால் வந்த இடைக்கால இறையியலார் அதைத் தளர்த்தினார்கள். கடவுளை நேரில் காணும் பேறு இல்லாவிட்டாலும் அங்கே துயரமும் இல்லை, இயல்பான மகிழ்ச்சி உண்டு என்றார் தாமஸ் அக்குவினாஸ். 'லிம்புஸ்' என்றால் துணியின் ஓரம், விளிம்பு. அதை ஒருவர் மேடையில் 'குழந்தைகள் நரகம்' என்று சொல்லக் கேட்டேன். லிம்போ என்ற கருத்து என்றைக்கும் திருச்சபையின் விசுவாசக் கோட்பாடாக அறிவிக்கப்பட்டதில்லை. 2007இல் வத்திக்கானின் சர்வதேச இறையியல் ஆணையம், இந்தக் குழந்தைகள் மீட்படைவார்கள் என்று நம்புவதற்கு வலுவான காரணங்கள் உண்டு என்று ஆவணமே வெளியிட்டுவிட்டது. பிள்ளையின் ஞானஸ்நானத்துக்குப் பெற்றோர் எண்ணியிருந்து, அதற்குள் பிள்ளை இறந்துபோனால், ஆயரின் அனுமதியோடு திருச்சபை முறைப்படி அடக்கம் செய்யலாம் என்று 1983 திருச்சபைச் சட்டமும் சொல்கிறது.

அடக்க ஜெபத்தில் பாவத்தைப் பற்றிப் பேச வேண்டிய கட்டாயம்கூட இல்லை. தாவீது தன் குழந்தை இறந்ததும் சொன்னது வேதத்திலேயே இருக்கிறது: "நான் அதினிடத்துக்குப் போவேனே அல்லாமல், அது என்னிடத்துக்குத் திரும்பிவரப்போகிறது இல்லை." அதை வாசித்திருந்தால் பாட்டி அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்.