சும்மா நிற்பதும் ஒரு வேலைதான்

செருப்பைக் கழற்றிவிட்டு ஒற்றைக்காலில் நின்று கண்ணை மூடிப் பாருங்கள். பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் ஒரு சுவர் இருக்கட்டும். சில நொடிகளிலேயே கணுக்காலைச் சுற்றி தசைநார்கள் விட்டுவிட்டுத் துடிக்கும். உடல் சாயச் சாய மூளை இழுத்துப் பிடிக்கிறது. இரண்டு காலில் நிற்கும்போதும் இதேதான் நடக்கிறது, நமக்குத் தெரிவதில்லை.

சாய்கிறோமா என்பதைக் கண் சொல்லும்; உள்காதிலுள்ள அரைவட்டக் குழல்களும் கால்சியம் கார்பனேட் துகள்கள் பதிந்த பைகளும் சொல்லும். மூன்றாவது சாட்சியைப் பள்ளியில் ஐம்புலன் படித்தபோது யாரும் நமக்குச் சொல்லவில்லை. தசை எவ்வளவு நீண்டிருக்கிறது என்று உள்ளிருந்தே அளக்கும் நுண்ணிய உணரிகள்தான் அவை. இவற்றை ஏமாற்றவும் முடியும். கண்ணை மூடி நிற்பவரின் குதிகாலுக்கு மேலே, தசைநாரில், நொடிக்கு 80 முறை அதிரும் கருவியை வைத்தால் கெண்டைக்கால் தசை நீள்வதாக மூளை நம்பிவிடும். அப்படியானால் உடல் முன்னால் சாய்கிறது என்று கணக்குப்போட்டு, நேராக நிற்கிறவரைப் பின்னால் சாய்த்துவிடும்.

இங்கிலாந்துக்காரர் இயன் வாட்டர்மேனுக்கு 1971-ல், 19 வயதில், ஒரு நோய்க்குப் பிறகு கழுத்துக்குக் கீழே இந்த உணர்வு அடியோடு போய்விட்டது. தசைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் எழுந்து உட்கார முடியவில்லை. தன் கை எங்கே கிடக்கிறது என்பதே பார்த்தால்தான் தெரியும். கண்ணால் பார்த்துப் பார்த்தே உட்காரவும் பிறகு நடக்கவும் பழகினார். விளக்கு அணைந்தால் விழுந்துவிடுவார்.

நெஞ்சை நிமிர்த்தி நின்றால் ஹார்மோனே மாறும் என்ற பேச்சையும் கேட்டிருப்பீர்கள். 2010-ல் அமெரிக்காவில் 42 பேரை வைத்து நடந்த ஆய்வில் கிளம்பியது அது. 2015-ல் வேறு குழு 200 பேரிடம் சோதித்தபோது ஹார்மோன் அசையவில்லை. தெம்பாக இருப்பதாக அவர்கள் சொன்னது மட்டும் மிஞ்சியது. முதல் ஆய்வை எழுதியவர்களில் ஒருவரான டேனா கார்னியே 2016-ல் தனக்கு அதில் நம்பிக்கையில்லை என்று அறிவித்தார். இன்டர்வியூவுக்கு முன் நிமிர்ந்து நிற்பவர்கள் நிற்கட்டும், நஷ்டமில்லை.

நிஜமாகவே உடலைப் புரட்டிப்போடும் மாற்றம், படுக்கையிலிருந்து எழுந்து நிற்பது. அரை லிட்டர் அளவு ரத்தம் சட்டென்று கீழே இறங்கும். கழுத்துத் தமனியிலுள்ள உணரிகள் அழுத்தக் குறைவை மூளைத்தண்டுக்குச் சொல்ல, இதயம் வேகமெடுக்கும், ரத்தக்குழாய்கள் இறுகும். வயதானால் இந்த ஏற்பாடு மந்தமாகும். பாட்டி எழும்போது கட்டில் விளிம்பில் கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் காலை ஊன்றுவார். ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கு டாக்டர்கள் சொல்வதும் அதையேதான்.